புகைக்கூட்டில் காய்ந்த பலா

மழை பெய்தால் இறப்பர் மரத்தில் பால் வெட்ட முடியாது. வெட்டாத நாளுக்குப் பேர் விழாது. பேர் விழவில்லை என்றால் அன்றைக்குச் சம்பளம் இல்லை. யட்டியாந்தோட்டைப் பக்கத்து மழையைப் பார்க்காதவர்களுக்கு இதைச் சொல்லி விளங்கவைக்க முடியாது. விடியும்போதே பேர் கூப்பிடுகிற பிரட்டுக் களத்தில் போய் நிற்போம். கணக்கப்பிள்ளை மரத்தைத் தடவிப் பார்த்து, பட்டை ஈரம் என்பார். நனைந்தபடியே லயத்து வரிசை வீடுகளுக்குத் திரும்பி வருவோம். சில மாதங்களில் வேலைக்குப் போன நாட்களைவிடத் திரும்பி வந்த நாட்கள்தான் அதிகம்.

பலாக்காய் முற்றி விழுவதும் அந்த மழையை ஒட்டித்தான். தோட்டத்து ஆட்கள் பட்டினி கிடக்கமாட்டார்கள், அவர்களுக்குப் பலா இருக்கிறதே என்று வெளியாட்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அவர்கள் வாயில் பிசினைத்தான் அப்ப வேண்டும். பலா ஒரேயடியாக வரும். எல்லா மரமும் சேர்ந்து காய்க்கும். காலையில் பலா, ராத்திரி பலா, பிள்ளைகளின் வயிறு ஊதும். பிறகு ஒன்றும் இருக்காது. வருகிறபோது எடுத்து வைத்தால்தான் இல்லாதபோது சாப்பிடலாம். எடுத்து வைப்பதுதான் பாடு.

கொட்டையை வைப்பது லேசு. ஆற்று மணலைப் பெட்டியில் கொட்டிப் புதைத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டால் போதும். சுளை அப்படி இல்லை. பழுப்பதற்கு முன்னால் அறுத்து, கையில் எண்ணெய் தடவிச் சுளை பிரித்து, விரல் பருமனுக்கு நறுக்கி, உப்பும் மஞ்சளும் போட்ட கொதிநீரில் ஒரு தரம் முக்கி எடுத்துக் காயவைக்க வேண்டும். எங்கே காயவைப்பது? வெளியே மழை. உள்ளே ஒரே காம்பரா. அதில்தான் அடுப்பு, அதில்தான் படுக்கை. அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிட்டால் ஈர விறகின் ஆவி பட்டு இரண்டாம் நாளே வழவழப்பாகிவிடும். மூன்றாம் நாள் பச்சையாகப் பூஞ்சணம். கல்யாணமான முதல் வருஷம் நான் காயவைத்தது முழுவதும் கோழிக்குத்தான் போனது. கோழியும் தின்னவில்லை.

என் புருஷனுக்கு ஸ்டோரில், தோட்டத்து இறப்பரைப் பதப்படுத்துகிற இடத்தில், வேலை. இறப்பர் ஷீட்டுகளைத் தொங்கவிட்டுப் புகை போடுகிற புகைக்கூட்டுக்கு அவர்தான் ஆள். மழையோ வெயிலோ அங்கே நெருப்பு அணையக்கூடாது. அதனால் அவருக்குத் தினமும் பேர் உண்டு. மழைக்காலத்தில் பேர் விழுகிற ஆட்களை விரல் விட்டு எண்ணலாம். எங்கள் வீட்டில் அவருக்குப் பெண் கொடுத்ததே அந்த வேலைக்காகத்தான். முகத்துக்காக அல்ல.

பக்கத்துக் காம்பரா அக்காதான் முதலில் வாயைத் திறந்தாள். அவள் புருஷன் ஸ்டோருக்கு ராத்திரி வாச்சர்.

“ஏ புள்ள, ஒம் புருஷன் ராப்பகலா நெருப்பு எரிக்கிறாரு. அந்தச் சூடெல்லாம் ரப்பருக்குத்தானா? மனுசன் வயித்துக்குக் கொஞ்சம் வேணாமா?”

“தொரைக்குத் தெரிஞ்சா?” என்றேன். தோட்டத்து மேனேஜர்தான் எங்களுக்குத் துரை.

“தொரை எங்க புகைக்குள்ள வரப்போறாரு? அவரு வெள்ளக் காச்சட்டை கறுத்துப்போயிராது?”

என் புருஷன் பயந்தார். ஷீட்டில் பலாவாடை ஏறிவிட்டால் என்ன செய்வது என்று கேட்டார்.

“அண்ணே, அந்த ரப்பர் நாத்தத்துல பலாவாடை போய் நுழையட்டும் பாப்போம். பாவம், அதுதான் செத்துப்போவும்” என்றாள் அக்கா. அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த மனுஷன் பிறகு மாட்டேன் என்று சொல்ல முடியாது.

முதலில் எங்கள் இரண்டு வீட்டுப் பலா மட்டும் போனது. அடுத்த நாளே ஸ்டோருக்குப் பொறுப்பான ஸ்டோர் ஐயா கண்டுபிடித்துவிட்டார். ஒரு துண்டைப் பிடுங்கி வாயில் போட்டு மென்றார். “உப்புக் கொறவு” என்றார். அவ்வளவுதான். அன்றிலிருந்து ஒவ்வொரு தரமும் நன்றாகக் காய்ந்ததில் ஒரு பை நிறைய அவருடைய வீட்டுக்குப் போனது. கொண்டுபோய்க் கொடுத்தது என் புருஷன். வாங்கிக்கொண்டது ஐயாவின் மனைவி. அதற்குப் பெயர்தான் அனுமதி.

பிறகு லயமே வந்தது. வீட்டுக்கு வீடு பலாவை நாரில் கோத்து மாலையாக்கிக் கொடுப்பார்கள். யாருடையது எது என்று தெரிய, ஒவ்வொருத்தியும் தன் பழைய சேலையிலோ ரவிக்கையிலோ ஒரு கிழிசலை மாலையில் முடிந்துவிடுவாள். எனக்கு நீலம். அக்காவுக்குப் பச்சையில் மஞ்சள் பூ. அவர் அவற்றை ஷீட்டுகளுக்குப் பின்னால், மேல் கழிகளில் தொங்கவிடுவார். இரண்டு மூன்று நாளில் குச்சிபோலக் காய்ந்து வந்துவிடும். வருஷம் முழுக்க வைத்தாலும் பூஞ்சணம் பிடிக்காது. நாற்றம் மட்டும் போகாது. ஊறவைத்து, தேங்காய்ப்பால் விட்டு, கருவாடு போட்டு ஆக்கினாலும் இறப்பர் புகை முன்னால் வந்து நிற்கும். பள்ளிக்கூடத்தில் எங்கள் லயத்துப் பிள்ளைகளுக்கு டயர்ச் சோறு என்று பட்டம். தோட்டத்து எல்லையில் இருந்த சிங்கள அம்மாவுக்கு ஒரு தரம் கொஞ்சம் கொடுத்தேன். மோந்து பார்த்து, “மே மொன கந்தத?” என்று மூக்கைப் பொத்திக்கொண்டாள். என்ன நாற்றம் என்று கேட்டால் என்ன சொல்வது? எங்கள் நாற்றம்தான்.

தோட்டத்தைக் கம்பெனி எடுத்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது. விறகுக் கொட்டகையின் கூரை காற்றில் போய்விட்டது. போட்டுத் தரவில்லை. நனைந்த விறகைத்தான் புகைக்கூட்டுக்குத் தந்தார்கள். அதை எரித்தால் புகை வருமே தவிரச் சூடு வராது. ஸ்டோரில் எல்லோருக்கும் இது தெரியும். கடைசியில் ஒரு லொறி ஷீட், பூஞ்சணப் புள்ளி விழுந்திருக்கிறது என்று கொழும்பிலிருந்து திரும்பி வந்தது. அதற்குப் பின்னாலேயே கொழும்பு ஆள் ஒருவரும் வந்தார். துரை அவரைக் கூட்டிக்கொண்டு, அதுவரை எட்டிப் பார்க்காத புகைக்கூட்டுக்குள் நுழைந்தார். மேலே பார்த்தால் லயத்துப் பலா முழுவதும் மாலை மாலையாகத் தொங்குகிறது.

எல்லாவற்றையும் இறக்கி ஸ்டோர் முற்றத்தில் போடச் சொன்னார். மழைக்கு லயத்தில் சும்மா இருந்த எங்களையும் வரச் சொன்னார். போய் நின்றோம்.

“காகெத மேவா?” என்றார் துரை. நாங்கள் பேசாமல் நின்றதும், விளங்கவில்லை என்று நினைத்தாரோ என்னவோ, தமிழில் கேட்டார். “யாரு சாமான் இது?”

எங்களுக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும். விளங்காமல் யாரும் நிற்கவில்லை.

அக்கா எனக்குப் பக்கத்தில் நின்றாள். அவள் அன்றைக்குப் போட்டிருந்தது அதே பச்சையில் மஞ்சள் பூப்போட்ட ரவிக்கை. கணக்கப்பிள்ளை மாலையில் இருந்த துணியைப் பார்த்தார். அவள் ரவிக்கைக் கையைப் பார்த்தார். பிறகு வானத்தைப் பார்த்தார். பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அக்கா சேலைத் தலைப்பை இழுத்துத் தோளை மூடிக்கொண்டாள்.

“நீலத் துணி கட்டுனது என்னோடதுங்க” என்று நான் சொன்னேன். மற்றவர்களும் சொல்வார்கள் என்று நினைத்துத்தான் சொன்னேன்.

“நீ இவன் பொஞ்சாதிதானே?” என்றார் துரை. அத்தோடு என் பேச்சு முடிந்தது.

ஸ்டோர் ஐயா முன்னால் வந்து, “மம தன்னே நே சேர்” என்றார். தனக்கு எதுவுமே தெரியாதாம். பை பையாக வாங்கித் தின்ற வாய்.

இத்தனையும் உன் ஒருத்தனுடையதா என்று துரை என் புருஷனைக் கேட்டார். அவர் எங்களையெல்லாம் ஒரு சுற்றுப் பார்த்தார். எல்லாத் தலையும் குனிந்திருந்தது. “ஆமாங்க” என்றார். பலாவின் ஆவி பட்டுத்தான் ஷீட் கெட்டது என்று கொழும்பு ஆளிடம் துரை இங்கிலீஷில் சொன்னார். விறகைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மறுநாளிலிருந்து என் புருஷனுக்குப் புகைக்கூட்டு வேலை இல்லை, பால் வெட்டப் போக வேண்டும் என்றார்கள். இந்தக் குப்பையை அள்ளி ஆற்றில் கொட்டு என்றும் சொன்னார்கள்.

அவர் ஆற்றில் கொட்டவில்லை. கோதுமை மாச்சாக்கில் அள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். சாக்கை இறக்கி வைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு லயத்துப் பொம்பளைகள் வந்தார்கள். அவர் வேலை போனதற்கு வருத்தம் கேட்க வருகிறார்கள் என்று நினைத்து நான் பாயைக்கூட விரித்தேன். அக்காதான் பேசினாள்.

“சாமான ஆத்துல போடலையாமே? நல்ல வேல புள்ள. துணியப் பாத்துப் பிரிச்சுக் குடுத்துரு. அவங்கவங்க கொண்டு போயிருவோம்.”

விரித்த பாயைச் சுருட்டிச் சுவரில் சாய்த்தேன்.

“காலைல தொரை கேட்டப்போ யாரோடதுமில்ல. இப்ப மட்டும் துணி தெரியுதா?”

“அதெல்லாம் அந்த நேரத்துக்குப் பேசுறது. இப்ப அத எதுக்கு இழுக்கிற?”

“நாளைக்குப் பிரட்டுல போய் நில்லுங்க. எங்களோடதுதான், ஸ்டோர் ஐயாவுக்கும் தெரியும், அவருக்கும் பங்கு போச்சுன்னு சொல்லுங்க. எல்லாரும் சொன்னா எல்லாரையுமா வெரட்டுவாங்க? சொல்லிட்டு வாங்க. ஒரு துண்டு கொறையாம எடுத்துக் குடுக்கிறேன்.”

ஒருத்தி முணுமுணுத்தாள். ஒருத்தி என்னைக் கழுதை என்றாள். போய்விட்டார்கள்.

மறுநாள் பிரட்டில் நான் காத்திருந்தேன். யூனியன் தலைவரிடம் முன்கூட்டியே பேசியிருந்தேன். நாலு பொம்பளைகள் வாயைத் திறந்தால் தான் துரையிடம் போய்ப் பேசுவதாக அவர் சொல்லியிருந்தார். யாரும் திறக்கவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. வாரக் கடைசியில் புகைக்கூட்டுக்கு வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள்.

பிறகு மழை பிடித்துக்கொண்டது. அவரும் இப்போது எல்லோரையும்போலப் பிரட்டுக்குப் போய்த் திரும்பி வருகிற ஆள். ஆனால் எங்கள் வீட்டில் சாக்கு நிறையப் பலா இருந்தது, முழு லயத்துக்கும் உரியது. நான் தினமும் ஆக்கினேன். லயத்துச் சுவர் கூரைவரைக்கும் எழும்பாது. ஒரு வீட்டில் கடுகு வெடித்தால் ஆறு வீட்டுக்குக் கேட்கும். புகைப்பலா ஆக்கினால் எத்தனை வீட்டுக்கு மணக்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் ஆக்கினேன்.

ஒரு சாயங்காலம் அக்கா கிண்ணத்தோடு வாசலில் வந்து நின்றாள். மழைக்குத் தலையில் ஒரு சாக்கைப் போட்டிருந்தாள். அவளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். என் மகள் பிறந்தபோது ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக லொறி வரவில்லை. தொப்புள்கொடியை அறுத்தவள் அவள்தான். அதை மறைத்துவிட்டு மற்றதை எழுதுவது சரியில்லை.

“கொஞ்சம் குடு புள்ள. புள்ளைங்களுக்கு” என்றாள்.

“பிரட்டுல சொன்னியாக்கா?”

“சொன்னா எங்க வூட்டுக்காரரு வாச்சர் வேல போயிரும்டி. ராவெல்லாம் அங்கதானே நின்ன, பாக்கலியான்னு கேப்பாங்க. ஒம் புருஷனுக்குப் போனது போச்சு. இனி வராது. ரெண்டு வூடும் பட்டினி கெடக்கணுமா?”

அவள் சொன்னது சரிதான். அன்றைக்கே அது எனக்குத் தெரியும்.

“கெடக்கட்டும்” என்றேன்.

கிண்ணத்தில் தாழ்வாரத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அக்கா அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டுப் போனாள்.

உள்ளே அவர் எழுந்து உட்கார்ந்திருந்தார்.

“குடுத்திருக்கலாம்” என்றார்.

“அப்ப நீங்களே கொண்டுபோய்க் குடுங்க. குடுத்துட்டு அங்கயே சாப்பிட்டு, அங்கயே படுங்க.”

அவர் போகவில்லை. ஆனால் அன்றிலிருந்து அந்தப் பலாவைத் தட்டில் வைக்கவும் விடவில்லை. கோதுமை மா ரொட்டியைத் தேயிலைச் சாயத்தில் முக்கித் தின்றுவிட்டுப் படுப்பார். நான் அவருக்கு முன்னாலேயே உட்கார்ந்து சாப்பிட்டேன். மகளுக்கும் ஊட்டினேன். சாக்கு காலியாக மழைக்காலம் முழுவதும் பிடித்தது. கடைசியில் அடியில் கிடந்த தூளைக்கூட நான் வெளியே கொட்டவில்லை, கஞ்சியில் போட்டுக் காய்ச்சிவிட்டேன்.

கொடுத்திருந்தால் அவர் வேலை திரும்பி வந்திருக்காது. கொடுக்காததாலும் வரவில்லை.