ரத்தான பரீட்சைக்கு ஒரு சாட்சி

என் அக்கா எலினா பிளஸ் டூ பாஸ், பிளஸ் ஒன் ஃபெயில். கேட்கிறவர்கள் எல்லாரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "அதெப்படி?" என்பார்கள். விளக்கம் சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலிக்கிறது. பதினொன்றாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு வைத்தார்கள். அதில் ஒரு பாடம் போனாலும் பன்னிரண்டுக்குப் போகலாம், போன பாடத்தைப் பிறகு எழுதிக்கொள்ளலாம். ஆனால் அதை முடிக்கிறவரை, பன்னிரண்டு தேறியதற்கான சான்றிதழும் கைக்கு வராது. அக்காவுக்கு நின்றுபோனது கணக்குப்பதிவியல். அதே கணக்குப்பதிவியலைப் பன்னிரண்டில் நல்ல மார்க்கோடு தேறினாள். மாடியில் குடியிருப்பவளைப் பார்த்து, நீ இன்னும் படியே ஏறவில்லை என்று சொல்வது என்ன நியாயமோ, எனக்குப் புரியவில்லை.

அவள் தோற்றது படிக்காததால் அல்ல, பிடிவாதத்தால். இருப்பாய்வுக் கணக்கில் இரண்டு பக்கமும் சமமாக வராவிட்டால் அடுத்த கேள்விக்குப் போக மாட்டாள். "விட்டுட்டு அடுத்ததப் போட வேண்டியதுதானக்கா?" என்று நான் தலையில் அடித்துக்கொள்வேன். "தப்புன்னு தெரிஞ்சும் எப்படிட்டி விட்டுட்டுப் போறது?" என்பாள். இப்படியே ஒவ்வொரு தடவையும் மணி அடித்துப் பேப்பரைப் பிடுங்கிவிடுவார்கள்.

ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் அவளுக்கு வேலை. காஸ் துணியை மடித்து அடுக்கும் இடம். நாள் முழுக்க நிற்க வேண்டும். பஞ்சுத் தூசி மூக்கிலும் தொண்டையிலும் ஏறி, சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் இருமல்தான் முதலில் உள்ளே நுழையும். குவாலிட்டி செக்ஷன் தனி அறை. தூசி கிடையாது, உட்கார்ந்து பார்க்கிற வேலை. அதற்குப் பிளஸ் டூ சான்றிதழ் வேண்டும்.

"தாயி, ஒன்னய அங்க மாத்த எனக்கென்ன வலிக்குதா? ஆபீஸ்ல சர்டிபிகேட்டக் கேக்காங்கல்ல. அடுத்த மே மாசம் வரைக்கும் பாப்பேன், பொறவு என் கையில இல்ல" என்று சூப்பர்வைசர் சங்கிலிப்பாண்டி கறாராகச் சொல்லிவிட்டார்.

இந்த நிலையில்தான் போன ஆகஸ்டில் டிவியில் செய்தி வந்தது. இனிமேல் பதினொன்றாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு கிடையாது! அம்மா அடுப்பில் தோசையை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்து, "ஸ்தோத்திரம் ஆண்டவரே!" என்று கையைத் தூக்கினாள். செய்தியில் மீதி என்ன சொன்னார்கள் என்று கேட்கக்கூட இல்லை. தோசை கருகியது. அப்பா ஸ்ரீவில்லிபுத்தூருக்கு விரட்டப்பட்டார், தெரு முழுக்கப் பால்கோவா போனது. அதோடு விட்டிருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் கர்த்தர் செய்த நன்மைகளைச் சாட்சியாகச் சொல்லும் நேரத்தில் அம்மா எழுந்து மைக்கைப் பிடித்தாள்.

"என் மக அந்தப் பரீட்சையில எத்தன தடவ விழுந்தான்னு கர்த்தருக்குத் தெரியும். கண்ணீரோட கேட்டேன். அவரு என்ன பண்ணாரு தெரியுமா? தமிழ்நாடு முழுக்க அந்தப் பரீட்சையையே எடுத்துப் போட்டுட்டாரு!"

சபை அதிரும்படி ஆமென் சொன்னார்கள். அக்கா தலையைக் குனிந்தபடி இருந்தாள்.

மறுநாளே விஷயம் உடைந்தது. நான் அப்போது பிளஸ் ஒன். பரீட்சை ரத்தானது எங்கள் வகுப்பிலிருந்துதான். பழைய அரியர் வைத்திருப்பவர்கள் எழுதித்தான் தீர வேண்டும் என்று எங்கள் டீச்சர் தெளிவாகச் சொன்னார். வீட்டுக்கு வந்து சொன்னேன்.

"ஒங்க டீச்சருக்கு என்ன தெரியும்?" என்றாள் அம்மா.

பேப்பரிலும் போட்டிருந்தார்கள். அதைக் கொண்டுவந்து காட்டியதும் அம்மா வேறு பாட்டைப் பிடித்தாள். "சபைக்கு முன்னால சாட்சி சொல்லியாச்சு. இனி இவ போயி எழுதுனா கர்த்தரப் பொய்யராக்குன மாதிரி ஆயிரும். எழுதக் கூடாது."

"கர்த்தர் எங்கம்மா ரத்து பண்ணாரு? கவர்மென்ட்டுல்ல பண்ணுச்சு. அதுவும் ஜாஸ்மினுக்கு" என்று அக்கா என்னைக் காட்டினாள்.

"வாயாடாத! விசுவாசமா இரு, சர்டிபிகேட் தன்னால வரும்."

எங்கிருந்து வரும்? பைபிளில் வானத்திலிருந்து மன்னா என்ற ஆகாரம் வந்ததைப் போல மார்க் ஷீட்டும் விழுமா? எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. அப்பாவிடம் போனால், "அம்மாகிட்டப் பேசிக்கிடுங்க" என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். சபையில் யாராவது, "எலினாவுக்குச் சர்டிபிகேட் வந்துட்டா?" என்று கேட்டால், "வந்துக்கிட்டே இருக்கு" என்பாள் அம்மா கூசாமல். கம்பெனியில் பாண்டீஸ்வரி என்றொருத்தி, "ஏட்டி, செத்துப்போன பரீட்சைக்கு இன்னும் நீ ஒருத்திதான் திவசம் குடுக்கியாமே?" என்று கேலி பேசினாளாம். அக்கா சிரித்துக்கொண்டே அதைச் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜனவரியில் தனித்தேர்வர்களுக்கு விண்ணப்பம் தொடங்கியது. அக்கா தன் லீவு நாளில் ஸ்ரீவில்லிபுத்தூர் போய், சேவை மையத்தில் விண்ணப்பித்துவிட்டு வந்தாள். வந்தவள் ஒளிக்கவும் இல்லை. நேரே அடுப்படிக்குப் போய், "அம்மா, பரீட்சைக்குப் போட்டுட்டு வந்திருக்கேன்" என்றாள்.

"எழுதப் போனேன்னா திரும்ப இந்த வீட்டுப் படி ஏறாத" என்றாள் அம்மா. அன்றோடு பேச்சை நிறுத்திவிட்டாள். சோற்றைத் தட்டில் போட்டு, "ஜாஸ்மின், அவளத் திங்கச் சொல்லு" என்பாள். ஒரே வீட்டுக்குள் இரண்டு பேருக்கும் தபால் சுமந்தே நான் நொந்துபோனேன். அக்காவோ ராத்திரியெல்லாம் இருமிக்கொண்டே கணக்குப் போட்டாள். அம்மா மிரட்டுவதோடு நிற்கிறவள் அல்ல, சொன்னால் செய்துவிடுவாள். அது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

பேச்சு நின்ற மூன்றாம் வாரம் ஞாயிற்றுக்கிழமை. பாஸ்டர் எபனேசர் பிரசங்கத்துக்கு முன்னால், "நம்ம சகோதரி எலினாவுக்குக் கர்த்தர் செஞ்ச அற்புதத்த அம்மா சொல்லிக் கேட்டோம். இன்னைக்கு அந்தப் பிள்ளையே வந்து வாலிபர்களுக்கு ரெண்டு வார்த்தை சொல்லட்டும்" என்று கூப்பிட்டார். அம்மா என் தொடையை நறுக்கென்று கிள்ளினாள். அக்காவைக் கிள்ள எட்டவில்லை.

அக்கா போய் நின்றாள். மைக் இரண்டு தடவை கூவியது.

"பரீட்சை ரத்தானது உண்மைதான், ஆனா எனக்கு இல்ல. என்னய மாதிரி அரியர் உள்ளவங்க எழுதித்தான் ஆகணும். அஞ்சு தடவ ஃபெயிலாயிட்டேன். மார்ச்ல திரும்ப எழுதப் போறேன். எங்கம்மா பொய் சொல்லல, சந்தோசத்துல பாதிதான் கேட்டாங்க. எனக்காக ஜெபம் பண்ணிக்கிடுங்க."

ஒருவரும் ஆமென் சொல்லவில்லை. அம்மா முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு, "மானத்த வாங்கிட்டாளே பாவி" என்று முணுமுணுத்தாள். அந்த நேரம் பாய் வரிசையில் பின்னாலிருந்து ஒருத்தி எழுந்தாள். கிறிஸ்துராஜ் என்ற பையனின் அம்மா. எங்கள் அம்மாவைப் பார்த்துப் பேசினாள்.

"அக்கா, நீங்க சாட்சி சொன்னீங்கன்னுதான எம்புள்ளைய எழுத வேண்டாம்னுட்டேன்? அவனுக்குக் கெமிஸ்ட்ரி ஒண்ணுதான் நிக்கி. திருப்பூர்ல இருந்து லீவு போட்டு வாரேன்னான். கர்த்தர்தான் எடுத்துட்டாரே, எதுக்கு அலையுதன்னு நான்தான் தடுத்தேன். ஐயோ, தேதி முடிஞ்சு போச்சே!"

அம்மா முந்தானையை விலக்கினாள். அவள் முகம் அப்படி வெளுத்து நான் பார்த்ததில்லை. எனக்குப் பாவமாகவும் இருந்தது, பிடித்து உலுக்க வேண்டும் போலவும் இருந்தது.

"அழாதீங்க சித்தி. தட்கல்ல நாளைக்கு வரைக்கும் போடலாம்" என்று அக்கா மைக்கிலேயே சொன்னாள். "ஆனா அவன் நேர்ல வந்தாகணும்."

"ஆராதனை முடியட்டும், பொறவு பேசிக்கிடலாம். எல்லாரும் உக்காருங்க" என்றார் பாஸ்டர்.

அம்மா எழுந்துவிட்டாள்.

"கர்த்தர் செத்த நேரம் காத்துக்கிடுவாரு பாஸ்டர். கவர்மென்ட்டு காத்துக்கிடாது." கிறிஸ்துராஜ் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தாள். "என்ன பாத்துக்கிட்டு நிக்க? அவனுக்குப் போனப் போடு. இந்தா இப்பவே பஸ் ஏறச் சொல்லு." வாசல்வரை போனவள் திரும்பி, மேடையைப் பார்த்து உரக்கக் கத்தினாள்.

"ஏட்டி எலினா! அந்த மைக்க வச்சிட்டு எறங்கி வா. அந்த ஆபீஸ் ஒனக்குத்தான தெரியும்? காலைல இவங்களக் கூட்டிட்டுப் போ. நீயும் மார்ச்ல போயி எழுதித் தொல!"

மூன்று வாரத்தில் அம்மா அக்காவிடம் பேசிய முதல் பேச்சு அதுதான்.