மாட்டாஸ்பத்திரி வீடு

கணக்கு டீச்சருக்கு அந்தச் சின்ன ஊருக்கு மாற்றல் வந்தபோது வேலையில் சேர்வது சுலபமாக முடிந்துவிட்டது. வாடகைக்கு வீடுதான் கிடைக்கவில்லை. சிறுவயதிலிருந்தே சக்கர நாற்காலியில் வலம் வருபவர் அவர். வாசலில் படி இருந்தால் போச்சு.

தரகருக்கு இது மண்டையில் ஏறவே இல்லை. "தரைத்தளம் டீச்சர், கண்ணை மூடிட்டு வரலாம்" என்று அடித்துச் சொல்லுவார். போய்ப் பார்த்தால் வாசலில் படி பல்லைக் காட்டும்.

"ஒரே ஒரு படிதானே?" என்பார்.

"நேத்துப் பார்த்த வீட்லயும் ஒரே ஒரு படிதான். எல்லாத்தையும் கூட்டினா ஒரு மாடியே கட்டிடலாம்," என்பார் டீச்சர்.

கூட வந்த தம்பி ஒவ்வொரு வாசலிலும் சட்டைக் கையை மடித்துவிடுவான். "நான் தூக்கிட்டுப் போறேன்க்கா." போன வாரம்தான் காஸ் சிலிண்டரைத் தூக்கிவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தான்.

"நீ ஊருக்குப் போனப்புறம் நான் பால் வாங்கப் போகணும்னா, போன் போட்டா வருவியா?" என்று அக்கா கேட்டதும் மடித்த கையை இறக்கிவிட்டுக்கொண்டான்.

வெளியே கேலி பேசினாலும் டீச்சருக்கு உள்ளுக்குள் அலுப்புத் தட்டியிருந்தது. படியே இல்லாத வீடு ஒன்றும் கிடைத்தது. அங்கே குளியலறைக் கதவில் நாற்காலி நுழையவில்லை. அன்று திரும்பும்போதுதான் தரகர் இழுத்தார்.

"ஒண்ணு இருக்கு டீச்சர். தப்பா நினைக்கக் கூடாது. முன்னாடி அங்க மாட்டாஸ்பத்திரி நடந்துச்சு."

"மாட்டுக்குக் கிடைச்ச மரியாதை எனக்கும் கிடைக்கட்டுமே. காட்டுங்க."

வீட்டுக்காரரான ஓய்வுபெற்ற மாட்டு டாக்டர் மாடியில் குடியிருந்தார். கீழ்வீடு காலி. தெருவிலிருந்து வாசல்வரை, கன்றுக்குட்டி வழுக்காமல் ஏறும்படி சொரசொரப்பான சாய்தளம். எருமை தாராளமாக நுழையும் கதவு. குளியலறையில் குதிரையையே குளிப்பாட்டலாம். டீச்சர் கூடத்தின் நடுவில் நாற்காலியை ஒரு முழு வட்டம் சுற்றினார். தம்பிக்குக் கண் கலங்கிவிட்டது. பழைய மருந்து நெடி என்று சொல்லி மூக்கைத் துடைத்துக்கொண்டான்.

சமையல் மேடை மட்டும் டீச்சரின் கழுத்துவரை வந்தது. கொத்தனாரை வைத்து இறக்க வேண்டும் என்றதும் டாக்டர் முகம் சுளித்தார்.

"இத்தனை வருஷத்துல இங்க வந்ததுல ஒண்ணுகூடக் குறை சொன்னதில்லையே!"

"அதுங்க வாயில்லா ஜீவன் சார். எனக்கு இருக்கு."

டாக்டர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். மேடை அந்த வாரமே இறங்கியது.

குடிவந்த சில நாளில், நாயை அணைத்தபடி ஒரு அம்மா நேரே உள்ளே வந்துவிட்டார்.

"டாக்டர் இப்பல்லாம் பார்க்கறதில்லைங்க. நான் கணக்கு டீச்சர்."

"அதனால என்ன? காய்ச்சல் இருக்கான்னு மட்டும் தொட்டுப் பாருங்க."

டீச்சர் தொட்டுப் பார்த்தார். காய்ச்சல் இல்லை. நாய் அவர் மடியில் ஏறிச் சுருண்டு படுத்துக்கொண்டது. பள்ளிக்கு நேரமானபோதும் அது இறங்குவதாக இல்லை.