அப்பா கேட்டது

தங்கச்சி ராஜபாளையத்தில் சொந்தமாக மருந்துக்கடை நடத்துகிறாள். கார் ஓட்டுவாள், யாரிடமும் நிமிர்ந்து பேசுவாள். நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் எல்.கே.ஜி. பிள்ளைகளுக்கு டீச்சர். எதிரில் இருப்பவர் குரலை உயர்த்தினாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். சின்ன வயதிலிருந்தே அவளைப் பார்த்துப் பார்த்து என்னைக் குறைத்துக்கொண்டவள் நான்.

போன மழைக்காலத்தில் அப்பாவுக்கு வலது பக்கம் இழுத்துக்கொண்டது. பேச்சும் குழறிப்போயிற்று. ராஜபாளையம் ஆஸ்பத்திரியில் சேர்த்தது, ஸ்கேனுக்கு அலைந்தது, டாக்டரிடம் கேள்வி கேட்டது எல்லாம் தங்கச்சிதான். பள்ளிக்கூடம் விட்டு நான் பஸ் பிடித்துப் போனபோது செய்வதற்கு எதுவும் மிச்சமில்லை. பையைப் பிடித்தபடி ஓரமாக நின்றேன். இவளுடைய தைரியத்தில் கால்வாசி எனக்கு இருந்திருக்கக் கூடாதா என்று அந்த நேரத்திலும் நினைத்தேன்.

மறுநாள் அப்பா "ஏத்தி... ஏத்தி" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். தங்கச்சி கட்டிலின் தலைப்பக்கத்தை ஏற்றினாள். அப்பா தலையை ஆட்டினார். இறக்கினாள். தண்ணீர் கொடுத்துப் பார்த்தாள். அவர் அழ ஆரம்பித்துவிட்டார்.

"எனக்கு ஒண்ணும் வெளங்கலக்கா," என்றாள். அவள் குரல் உடைந்து அன்றுதான் கேட்டேன்.

முதல் எழுத்தை விழுங்கி, 'ட'வை 'த' ஆக்கிப் பேசும் பிள்ளைகளோடுதான் என் பகல் பொழுதெல்லாம் போகிறது.

"வேட்டி கேக்காவ," என்றேன்.

ஆஸ்பத்திரி அங்கியில் முழங்கால் தெரிய, இரண்டு மகள்கள் முன்னால் படுத்திருந்தார். சிறுநீர்க் குழாய் மாட்டியிருப்பதால் கட்டிவிட முடியாது என்று நர்ஸ் சொல்லிவிட்டார். தங்கச்சி காரை எடுத்துக்கொண்டு போய் வேட்டி கொண்டுவந்தாள். இருவருமாக மேலே விரித்துவிட்டோம். அதன் கரையை இடது கையால் பிடித்துக்கொண்டே தூங்கிப்போனார். அன்றைக்கு எனக்கு அவளோடு என்னை அளந்து பார்க்கவே தோன்றவில்லை.

இப்போது அப்பா தங்கச்சி வீட்டில் இருக்கிறார். பேச்சு தெளியவில்லை. அவளுக்குப் புரியாதபோது எனக்குப் போன் போட்டு அவர் வாயருகே வைப்பாள். தலையணை, மோர், ஃபேன் என்று நான் சொல்லச் சொல்லச் செய்வாள்.

போன வாரம் நெடுநேரம் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

"என்னக்கா கேக்காவ?"

எனக்கு முதல் தடவையே புரிந்துவிட்டது. சொல்ல வாய் வரவில்லை.

"எப்ப நடப்பேன்னு கேக்காவ," என்றேன் பிறகு.

அவள் போனை அவர் வாயருகிலேயே பிடித்திருந்தாள். அப்பா மறுபடியும் கேட்டார்.