கட்டில் டாக்டர் கட்டிய வண்டி

கவிழ்த்துப் போட்ட பெயின்ட் டப்பாவின் மேல் உட்கார்ந்து கட்டில் டாக்டர் மலை ஏறிக்கொண்டிருந்தார். கையில் ஒரு எவர்சில்வர் தட்டு. அதுதான் ஸ்டீயரிங். டப்பாவைச் சுற்றித் தரையில் சாக்பீஸ் கோடுகள்: இங்கே முன்சக்கரம், இங்கே பின்சக்கரம், முதுகுக்குப் பின்னால் எஞ்சின். வளைவு வந்தால் உடம்பை ஒரு பக்கம் சாய்ப்பார். மேடு வந்தால் பல்லைக் கடிப்பார். வேலை விட்டு வந்ததும் ஷூவைக்கூடக் கழற்றாமல் நேரே ஷெட்டுக்குள் போய் இப்படி ஒரு சவாரி அடித்துவிட்டு வந்தால்தான் மனுஷனுக்குக் காப்பி இறங்கும்.

சமையலறை ஜன்னல் ஷெட்டுக்கு நேர் எதிரே. அங்கிருந்து மனைவியின் குரல் வரும்.

"எதுவரைக்கும் வந்திருக்கீங்க?"

"பெரிய வளைவு வந்தாச்சு டீச்சர். கொஞ்சம் மூச்சு வாங்குது."

"வண்டிக்கா, உங்களுக்கா?"

"ரெண்டு பேருக்கும்தான்."

அவர் டாக்டர் இல்லை. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் கட்டில், ஸ்ட்ரெச்சர், சக்கர நாற்காலி எல்லாவற்றையும் ரிப்பேர் பார்க்கிறவர். தலைப்பக்கம் உயராத கட்டில், ஒரு சக்கரம் மட்டும் கிறீச்சிடும் ஸ்ட்ரெச்சர், இதெல்லாம்தான் அவருடைய நோயாளிகள். நர்சுகள் வைத்த பெயர் அது; இப்போது வீட்டுக்கு வரும் தபால்காரர்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார். ஆள் நெட்டை. எந்தக் கட்டிலுக்கு அடியில் நுழைந்தாலும் முழங்காலுக்குக் கீழே வெளியேதான் நீட்டிக்கொண்டிருக்கும். துருப்பிடித்த போல்ட் திரும்ப மறுத்தால் சுத்தியலை எடுக்க மாட்டார். "கோவம், வேறொண்ணுமில்ல. கொஞ்சம் விடுங்க, தானா இறங்கி வரும்" என்று எண்ணெய் விட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். திரும்பி வந்து தொட்டால் அது குழந்தை மாதிரி சுற்றும்.

மனைவி பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லிக்கொடுக்கிறவர். தெருவே டீச்சர் என்றுதான் அழைக்கும். வீட்டிலும் கட்டில் டாக்டர் அப்படியே அழைப்பார், மரியாதையும் கேலியும் சரிபாதி கலந்து. கல்யாணமான நாளிலிருந்து இருவருக்கும் ஒரே பைத்தியம், மலை. ஊருக்கு வெளியே பழைய கல்குவாரியைத் தாண்டி ஒரு பாதை ஏறுகிறது. உச்சியில் ஒரு மொட்டைப் பாறை. அதில் ஏறி நின்றால் ஆறு வளைந்து போவது முழுசாகத் தெரியும். லீவு நாள் வந்தால் விடிவதற்குள் கிளம்பிவிடுவார்கள். டீச்சர் முன்னால், இவர் தண்ணீர்ப் பையோடு பின்னால். ஸ்கூட்டரிலும் அதே கதைதான். ஓட்டுவது டீச்சர்; பின்சீட்டில் காலை எங்கே வைப்பதென்று தெரியாமல் மடங்கிக்கிடப்பது இவர். பார்ப்பவர்கள் சிரிப்பார்கள். இவர் அதைவிடப் பெரிதாகச் சிரிப்பார்.

அந்தப் பாதையில்தான் டீச்சர் விழுந்தார். சரளைக்கல் சறுக்கி, இடது இடுப்பெலும்பு உடைந்து, உள்ளே கம்பி வைத்துத் தைத்தார்கள். கைத்தடியோடு வகுப்புக்குப் போகும் அளவுக்குத் தேறிவிட்டார். ஆனால் மலை முடிந்த கதை. ஸ்கூட்டருக்குத் துணி போர்த்தியாயிற்று. மலை ஷூ அலமாரியின் மேல்தட்டுக்குப் போயிற்று. டீச்சர் அதைப் பற்றி ஒரு வார்த்தை புலம்பியதில்லை. வகுப்பில் ஆறு பற்றிய பாடம் வந்தால் மட்டும் சீக்கிரம் முடித்துவிடுகிறார் என்று சக ஆசிரியை ஒருத்தி வந்து சொன்னாள். கட்டில் டாக்டருக்கு அது போதுமாக இருந்தது. அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

டீச்சரின் தம்பி ஒருமுறை நல்ல எண்ணத்தில் வாயை விட்டான். "அக்கா, நாலு ஆளைப் பிடிச்சு நாற்காலியோட தூக்கிட்டுப் போயிடலாம்க்கா."

"நான் என்ன பீரோவா?" என்றார் டீச்சர். தம்பி அதற்கப்புறம் மலைப் பேச்சையே எடுக்கவில்லை.

ஆக, சாக்பீஸ் கோடு அங்கே ஆரம்பித்தது. கல்லு, பள்ளம், மேடு எதுவானாலும் தவழ்ந்து ஏறுகிற ஒரு வண்டி. மேலே கூரை கிடையாது, கதவு கிடையாது. குழாய்க் கூண்டும் நாலு தடித்த டயரும்தான். ஷெட்டைப் பெருக்க யாருக்கும் அனுமதி இல்லை, கோடு அழிந்துவிடுமாம். கோட்டின் மேல் முதலில் தண்ணீர்க் குழாய்களை வெட்டி நிறுத்திக் கயிற்றால் கட்டி ஒரு பொய்க்கூண்டு செய்தார். அதில் ஏறி உட்கார்ந்து, தலை இடிக்கிறதா, முழங்கை உரசுகிறதா என்று பார்த்துப் பார்த்து மாற்றினார். பிறகுதான் இரும்புக் குழாய் வந்தது. ஒரு குழாய் இன்னொன்றோடு சேரும் இடத்தில் முனையைப் பிறைபோல் அரத்தால் ராவி, இரண்டையும் சேர்த்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். இடுக்கில் நூல் கனம் வெளிச்சம் தெரிந்தாலும் மறுபடி அரம்தான்.

அப்படிப்பட்டவரும் ஒருமுறை சறுக்கினார். முதல் கூண்டு நின்ற சந்தோஷத்தில் இடது பக்கம் முழுவதையும் ஒரே மூச்சில் வெல்டிங் அடித்துவிட்டார். சூட்டில் கூண்டு முழுவதும் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு, வாதம் வந்த மாதிரி கோணி நின்றது. யாரையும் திட்டவில்லை. "ஒரு பக்கமாவே சூடு காட்டினா யாருதான் கோணாம இருப்பா?" என்று அதை அறுத்துப் போட்டுவிட்டு மறுபடி சாக்பீஸை எடுத்தார். நமக்கென்றால் ஷெட்டையே பூட்டிச் சாவியைத் தூக்கி எறிந்திருப்போம்.

எதிர்வீட்டில் டிரைவிங் ஸ்கூல்காரர். ஊருக்கே ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர் என்பதால் எந்த வண்டியைப் பற்றியும் ஓர் அபிப்பிராயம் வைத்திருப்பார். தினமும் வாசலில் நின்று எட்டிப் பார்ப்பார். "கூண்டு ரெடி. கிளி எப்போ வருது டாக்டரே?"

"வரும் வரும். முதல்ல எஞ்சின் வரட்டும்."

எஞ்சின் வீட்டிலேயே இருந்தது, துணி போர்த்தி. அதைக் கேட்க அவருக்கு நா எழவில்லை. தோசைக்கல்லைப் பார்த்தபடி, கடைசியில் எப்படியோ கேட்டுவிட்டார்.

"டீச்சர், உன் ஸ்கூட்டர் எஞ்சினை எடுத்துக்கட்டுமா? கியர் கிடையாது பாரு, மலைக்கு அதான் சௌகரியம். முறுக்கினாப் போயிட்டே இருக்கும்."

"எடுத்துக்கோங்க. இனிமே எனக்கு எதுக்கு?"

முதல் பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு ஓடினார். பின்பாதியைக் காதில் வாங்கியிருந்தால் பின்னால் நடந்த கூத்து நடந்திருக்காது.

எஞ்சினைக் கழற்றி, பின் அச்சில் பெரிய பல்சக்கரம் போட்டுச் செயினால் இணைத்தார். வேகம் போயிற்று, பலம் வந்தது. "ஓட வேண்டாம், மூச்சு வாங்காம ஏறினாப் போதும்." கை முறுக்கை எடுத்துவிட்டுக் காலுக்கு ஆக்ஸிலேட்டர், பக்கத்தில் பிரேக், இரண்டும் வலது காலுக்கே. ரிவர்ஸ் மட்டும் கிடையாது. ஸ்கூட்டர் எஞ்சினுக்கு ஏது ரிவர்ஸ்? பின்னால் போக வேண்டுமானால் இறங்கித் தள்ள வேண்டும்.

"அப்போ ரிவர்ஸ் கியர் நீங்கதான்னு சொல்லுங்க" என்றார் டீச்சர் ஜன்னலிலிருந்து.

டீச்சருக்கான சீட்டைச் செய்ததைத்தான் பார்க்க வேண்டும். ஆஸ்பத்திரியில் எத்தனை முதுகுக்கு நாற்காலி சரிசெய்தவர்! இடது காலை நீட்டி வைக்க அகலமான இடம், இடுப்புக்கு ஒரு மெத்தை, குலுங்கினால் அசையாமல் பிடிக்கத் தோள் பெல்ட். பிசைந்த மாவில் ஓர் உருண்டையைக் கொண்டுவந்து, "இதை இறுக்கிப் பிடி டீச்சர்" என்று பிடிக்கச் சொல்லி, அந்த விரல் பதிந்த அளவிலேயே ஒரு கைப்பிடி செய்து ரப்பர் சுற்றினார். அந்தக் கைக்குத் தவிர வேறு எந்தக் கைக்கும் அது சேராது. டிரைவர் சீட்டுக்கு இவ்வளவு பாடு இல்லை. தன் நெட்டைக் காலுக்கு ஏற்றபடி பின்தள்ளி வைத்து, நாலு மூலையிலும் வெல்டிங் அடித்துவிட்டார். அந்த வெல்டிங் அவர் வாழ்நாளில் அடித்ததிலேயே அழகானது. சில்லறை நாணயங்களைச் சரித்து அடுக்கின மாதிரி ஒரே சீராக இருக்கும். வந்தவர் போனவர் எல்லாரையும் குனியவைத்து அதைக் காட்டினார்.

வண்டி முடிந்த அன்று டீச்சரைக் கையைப் பிடித்து அழைத்துவந்தார். எதிர்வீட்டுக்காரரும் ஆஜர். டீச்சர் கைத்தடியை ஊன்றி ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். டயரைத் தட்டிப் பார்த்தார். தன் பழைய எஞ்சினை அடையாளம் கண்டு, அதன் மேல் உள்ளங்கையைக் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். பிறகு கைத்தடியை இவரிடம் கொடுத்துவிட்டுக் குழாயைப் பிடித்து ஏறி, டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார்.

"அது இல்ல டீச்சர், உன் சீட்டு அந்தப் பக்கம்."

டீச்சர் ஸ்டீயரிங்கைப் பிடித்தார். வலது காலை நீட்டினார். பெடல் எட்டவில்லை. நுனி வரை நகர்ந்து நீட்டினார். அப்போதும் எட்டவில்லை.

"சீட்டு முன்னால வருமா?"

"வராது. வெல்டிங் வெச்சிட்டேனே."

"எனக்காகத்தானே கட்டினீங்க?"

"உனக்கேதான். அதான் அந்தப் பக்கம் மெத்தை, பிடி, பெல்ட்டு..."

"ஏங்க, என்னிக்காவது நான் உங்க பின்னால மலை ஏறியிருக்கேனா? உடைஞ்சது இடது இடுப்பு. வலது காலுக்கு என்ன வந்துச்சு?" டீச்சரின் குரல் உயரவில்லை. "பீரோவைக் கட்டித் தூக்கிட்டுப் போற வண்டியில நான் வரலை."

கைத்தடியை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். எதிர்வீட்டுக்காரர் ஷெட் கூரையைப் பார்த்தார், டயரைப் பார்த்தார்.

"கோவமா டாக்டரே?"

"கோவம் இல்ல. நான் எடுத்த அளவு தப்பு." பெயின்ட் டப்பாவில் உட்கார்ந்துவிட்டார். முகம் செத்துப்போயிருந்தது. கை அளவு எடுத்தார், முதுகளவு எடுத்தார், கால் நீட்ட இடம் அளந்தார். முன்னால் போகிறவளைப் பின்னால் வைத்து அளந்துவிட்டோமே என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை நாள் இதே டப்பாவில் உட்கார்ந்து எத்தனை மலை ஏறினார்! ஒரு தடவையாவது பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து பார்த்தாரா? அழுகை முட்டியது. எதிர்வீட்டுக்காரர் இருந்ததால் மூக்கை உறிஞ்சிக்கொண்டார்.

பிறகு எழுந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு அறுப்பு மெஷினை எடுத்தார். நாணயம் அடுக்கின அந்த வெல்டிங்கில்தான் முதல் பொறி பறந்தது.

"அய்யய்யோ, அதையா அறுக்கிறீங்க!" என்று எதிர்வீட்டுக்காரர் பதறினார். அரை மனதோடு ஒரு யோசனையும் சொன்னார். "சீட்டு முன்னும் பின்னும் நகர்ற மாதிரி அடியில ஒரு ரெயில் வெச்சிடுங்களேன். டீச்சரும் ஓட்டலாம், நீங்களும் ஓட்டலாம்."

ஆஸ்பத்திரியில் அப்படி எத்தனை ரெயில் பூட்டியிருப்பார்! மெஷினை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "வேண்டாம். ரெயில் இருந்தா என்னிக்காவது மனசு மாறி நான் உட்கார்ந்துடுவேன்."

டீச்சரை ஒரு ஸ்டூலில் உட்காரவைத்துக் காலை அளந்தார். டீச்சர் முகத்தைத் திருப்பிக்கொண்டே காலை நீட்டிக் கொடுத்தார். சீட்டை முன்னால் கொண்டுவந்து, அந்த அளவிலேயே நாலு மூலையும் வெல்டிங் அடித்தார். இப்போது அவர் அதில் உட்கார்ந்தால் முழங்கால் ஸ்டீயரிங்கில் இடிக்கும். கட்டினவரால் ஓட்ட முடியாத வண்டி அது ஒன்றாகத்தான் இருக்கும்.

எதிர்வீட்டுக்காரரின் மினி லாரியில் ஏற்றிக் குவாரி வரை கொண்டுபோய் இறக்கினார்கள். டீச்சரின் காலில் மேல்தட்டிலிருந்து இறங்கிய மலை ஷூ. குவாரிக்குள்ளேயே சுற்றிச் சுற்றிப் பழகிக்கொண்டு, பாதையில் திருப்பினார். எஞ்சின் பழைய ஆளை அடையாளம் தெரிந்த மாதிரி ஏறிற்று. முதல் வளைவு குறுகலாகப் போய்விட, முன்சக்கரம் பாறையில் முட்டி நின்றது.

"ரிவர்ஸ்!" என்றார் டீச்சர், வகுப்பில் பெயர் கூப்பிடும் குரலில்.

கட்டில் டாக்டர் பெல்ட்டைக் கழற்றி இறங்கித் தள்ளிவிட்டு, மூச்சிரைக்க ஏறி உட்கார்ந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

அடுத்து அந்தச் சரளை இறங்கும் இடம். டீச்சர் விழுந்த இடம். வண்டி நின்றது. எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. டீச்சர் கல்லையே பார்த்தார். திரும்பி அவரைப் பார்த்தார். மெதுவா என்று சொல்ல வாயெடுத்த கட்டில் டாக்டர் அதை விழுங்கிக்கொண்டார்.

டீச்சர் வலது காலை அழுத்தினார். சரளை நாலாபக்கமும் தெறித்தது. பின்பக்கம் ஒருமுறை வழுக்கியது. இல்லாத பிரேக்கைத் தேடிக் கட்டில் டாக்டரின் வலது கால் வண்டியின் தரையை ஓங்கி மிதித்தது. அந்தக் காலைக் குனிந்து பார்த்தார். மாவில் அளவெடுத்த கைப்பிடியில் பொருந்திய மூன்று விரலை மட்டும் வைத்துப் பிடித்துக்கொண்டு, நெட்டைக் கால்கள் இரண்டையும் மேலே தூக்கி, டீச்சருக்காகச் செய்த அந்த அகலச் சீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார்.