மாவுப்பூச்சி என்று எரித்த மாதுளை

உத்தனப்பள்ளியில் பாறையை உடைத்து மாதுளைத் தோப்பு போட்டவன் நான். இரண்டாம் வகுப்பைத் தாண்டாதவன். ஆனால் ஓசூர்ச் சந்தையில் என் பழத்துக்கு ஈடு கிடையாது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் ஒரு கோடையில் கிளையெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பூச்சி அப்பியது.

விவசாய அதிகாரி ஜீப்பை விட்டு இறங்கவே இல்லை. "மாவுப்பூச்சிய்யா. பக்கத்து மாந்தோப்புக்குப் பரவிடும், எரிச்சிடு" என்றார். அவருடைய ஆட்களே தீ வைத்தார்கள்.

புகையைப் பார்த்துச் சாலையில் போன ஒருவர் உள்ளே வந்தார். பெங்களூரில் பூச்சி ஆராய்ச்சி செய்பவராம். எரியாத கிளையை ஒடித்து, வெள்ளையை ஊசியால் கீறினார். அது மாவாக உதிரவில்லை. கம்பளித் துணி போலப் பிரிந்தது. உள்ளே ஊதா நிறப் பூச்சி நகராமல் கிடந்தது.

"மாவுப்பூச்சி இல்லீங்க. கம்பளிக்கூடு கட்டுற செதில்பூச்சி. இந்த இனம் மாமரத்துக்குப் போய் நான் பாத்ததில்ல. மீனெண்ணெய் சோப்பு கரைச்சு அடிச்சிருந்தா போதும்."

"இதுக்குப் பேரு என்னா சாமி?"

"தெரியலீங்க. இதுல பல வகை இருக்கு. உடம்பை மைக்ராஸ்கோப்புல வச்சுப் பாத்தாத்தான் சொல்ல முடியும்."

எனக்கு ரத்தம் கொதித்தது. கிளம்பப் போன அதிகாரியின் ஜீப்பை மறித்தேன். "பூச்சியக் கையில வச்சிருக்கிறவரே தெரியலங்குறாரு. உக்காந்த இடத்துலயே நீ எப்படிய்யா சொன்ன?"

"எனக்கு எத்தன ஊரு இருக்கு தெரியுமா? வழிய விடு!"

கிணற்றுத் தண்ணீரை ஊற்றி அணைத்தோம். ஒரு வரிசைதான் தப்பியது.

அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை. தெரியாது என்று சொல்லத் தெரிந்த ஒரே மனிதர், தீ வைத்த பிறகுதான் என் தோப்புக்கு வந்தார்.