கையை எடுக்கச் சொன்னது யார்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எதற்கும் எனக்கொரு அபிப்பிராயம் இருக்கும், அதைக் கேட்காதவர்களுக்கும் சொல்லுவேன். இரண்டாயிரங்களின் நடுவில், லண்டனில் மோர்டன் பக்கம் வயோதிபர்களைப் பராமரிக்கும் ஒரு கெயர் ஹோமில் வேலை செய்தபோதும் அப்படித்தான் இருந்தேன்.

என் ஷிப்டில் நர்ஸாக இருந்தவர் பிலிப்பைன்ஸ்காரி, என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். அவர்கள் அக்காவை ‘ஆத்தே’ என்பார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். நாங்கள் பேசியது அரைகுறை ஆங்கிலம்தான். இங்கே அதை என் வாய்த் தமிழில்தான் எழுத வருகிறது.

ஆத்தேயிடம் ஒரு கெட்டித்தனம் இருந்தது. படுக்கையில் கிடக்கும் கிழவருக்கு இதயம் நின்றால் திரும்ப இயக்க வேண்டாம் என்று ஒரு படிவம் இருக்கிறது. அதைப் பற்றிப் பிள்ளைகளிடம் பேசுவது மகா கஷ்டம். ஆத்தே தேத்தண்ணி கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துச் சொல்லுவார்: “அவருக்கு நோகாது. நித்திரை மாதிரித்தான் போவார்.” பிள்ளைகள் அழுதுவிட்டு, சரி டொக்டரோடு பேசுகிறோம் என்பார்கள். எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன்.

பிறகு அவருடைய அப்பாவுக்கு ஊரில் பக்கவாதம் வந்தது. பெரிய அடி. மூச்சுத் தானாக வரவில்லை. அந்த ஆஸ்பத்திரியில் சுவாச மெசின் காலியாக இல்லை. தொண்டைக்குள் ஒரு குழாயை விட்டு, அதில் ஒரு ரப்பர் பையைப் பூட்டி, குடும்பத்தின் கையில் கொடுத்துவிட்டார்கள். பையை அமத்தினால் அப்பாவுக்கு மூச்சு. விட்டால் இல்லை. ஒரு தம்பியும் இரண்டு தங்கச்சிகளும் மச்சான்மாரும் ஆளுக்கு ஒரு மணித்தியாலமாக மாறி மாறி அமத்தினார்கள்.

ஒன்பது நாள்! ஆத்தே விரல்விட்டு எண்ணிச் சொன்னார். மூளை போய்விட்டது, முடிவை நீங்கள்தான் எடுக்க வேண்டும் என்று டொக்டர் சொல்லிவிட்டார். பாதிரியார்கூட வந்து, நிற்பாட்டினால் பாவமில்லை, கடவுள் விளங்கிக்கொள்வார் என்றாராம். ஆத்தேயின் அம்மா, “அங்கை கிடக்கிறது உங்கட அப்பா இல்லைத்தானே ஃபாதர்” என்று திருப்பிக் கேட்டு அவரை அனுப்பிவிட்டார்.

“பேந்தென்ன, ஃபாதரே சொல்லிப்போட்டார். நிப்பாட்டச் சொல்லுங்கோவன்” என்றேன் நான்.

“மெசினை நிப்பாட்டிறது வேற. கையை நிப்பாட்டிறது வேற” என்றார் ஆத்தே.

“விசர்க்கதை கதைக்காதேங்கோ. இந்த நாட்டிலை நாய்க்குக்கூட நோகக்கூடாதெண்டு ஊசி போடுறாங்கள்.”

“என்ர அப்பா நாயில்லை.”

இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. எனக்கும் ரோசம், நானும் பேசவில்லை. ஆனால் அவர் எண்ணி முடித்த மருந்துக் குளிசைகளையே திரும்பத் திரும்ப எண்ணியதைப் பார்த்தேன். பாவம் மனிசி. அங்கே எல்லோரும் மூத்த அக்கா ஒரு சொல்லுச் சொல்லட்டும் என்று காத்திருந்தார்கள். அக்கா லண்டனில் நர்ஸ், அவவுக்குத் தெரியும் என்று. அக்காவுக்கோ அந்தச் சொல் தொண்டையை விட்டு வரவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானச் சாப்பாடு கொடுத்து முடித்ததும், துணி அடுக்கும் அறைக்குள் என்னை இழுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினார். கையில் போன்.

“நீ சொல்லு. தம்பியிட்டை நீ சொல்லு. நீ எங்கட ஆள் இல்லை, எங்கட கோயிலும் இல்லை. உனக்கு இது பாவமில்லை.”

எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. “எங்களுக்குப் பாவம் புண்ணியம் இல்லையெண்டு ஆர் உங்களுக்குச் சொன்னது? நாங்களும் கோயிலுக்குப் போற சனம்தான்!”

“ஓம், தெரியும். ஆனா நீதானே நிப்பாட்டலாம் எண்டு சொன்னனீ. நான் சொல்லேல்லையே.”

இவ்வளவு கதைத்துவிட்டு இப்போது ஏலாது என்று எப்படிச் சொல்வது? போனை வாங்கினேன். அவர் வெளியே போய்விட்டார், காதில் விழக்கூடாதென்று.

தம்பியின் குரலுக்கு முன்னால் அந்தப் பையின் சத்தம்தான் கேட்டது. புஸ் என்று ஒரு தரம். கொஞ்சம் பொறுத்து இன்னொரு தரம். அவர் ஒரு கையால் போனைப் பிடித்து மற்றக் கையால் அமத்திக்கொண்டிருந்திருக்க வேண்டும். நான் அக்காவோடு வேலை செய்கிறவள் என்றேன். பிறகு, “காணும், நிப்பாட்டுங்கோ. அவரைப் போக விடுங்கோ” என்றேன். இவ்வளவும் சரியாகத்தான் சொன்னேன்.

அவர் அவசரப்படாமல் கேட்டார்: “இதை ஆர் சொல்லுறது? நீங்களோ, அக்காவோ?”

நான் போர்க்காலத்தில், ஷெல்லடிக்குள் வளர்ந்தவள். எங்கள் ஊரில் சாவு யாரிடமும் சம்மதம் கேட்டு வந்ததில்லை. ஒரு மனிதரின் மூச்சு என் சொல்லில் நிற்கும் என்று அந்த நொடி வரை எனக்கு உறைக்கவில்லை. நான்தான் என்று சொல்லியிருக்க வேண்டும். அதற்குத்தான் என்னிடம் போனைத் தந்தார்.

“அக்கா” என்றேன்.

“அக்கா சொன்னா சரி” என்றார். சத்தம் நின்றது. தூரத்தில் ஒரு பெண் குளறினார். நான் போனை நிற்பாட்டினேன்.

ஆத்தே வந்து, “சொன்னியா?” என்று கேட்டார். “சொன்னன்” என்றேன். சிலுவை போட்டுக்கொண்டு, என்னைக் கட்டிப்பிடித்து, நன்றி என்றார். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை.

செத்த வீட்டுக்குப் போய் இரண்டரைக் கிழமையால் திரும்பி வந்தார். அன்று ஒரு கிழவரைத் திருப்பிப் படுக்கவைக்க, கட்டிலின் இரண்டு பக்கமும் நின்றோம்.

“நீ என்ர பேரைச் சொன்னனீ” என்றார், என்னைப் பார்க்காமலே. “அம்மா எல்லாருக்கும் முன்னாலை என்னைக் கேட்டவ, நீயா சொன்னனீ எண்டு. இல்லை எண்டு சொன்னா, தம்பி தன்ர எண்ணத்துக்குக் கையை எடுத்தவன் எண்டு வந்திடும். அவன் அதோட சீவிக்கமாட்டான். அதாலை ஓம் எண்டன். பேந்து அம்மா என்னைப் பெட்டிக்குப் பக்கத்திலை இருக்க விடேல்லை.”

வெட்கத்தில் எனக்குக் கோபம்தான் வந்தது. “நீங்களும்தானே என்னட்டைத் தள்ளிவிட்டனீங்கள்!”

“ஓம், தள்ளினனான். நீ வாங்கினனீ.”

கிழவருக்குப் போர்வையை இழுத்துவிட்டு, ஒரு துண்டில் அம்மாவின் நம்பரை எழுதித் தந்தார். அம்மா முன்பு டீச்சராம், ஆங்கிலம் விளங்குமாம். “மனம் வந்தா அம்மாவுக்குப் போன் எடு. நீதான் சொன்னதெண்டு சொல்லு. அது காணும்.” வேறொன்றும் கேட்கவில்லை.

வெளிநாட்டுக்குப் பேசுகிற டெலிபோன் காட் வாங்கினேன், ஒன்றல்ல, பல. ஒரு தரம் பாதி நம்பர் வரை அமத்தினேன். இன்றைக்கு ஷிப்ட், நாளைக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று தள்ளிக்கொண்டே போனேன். ஊருக்கெல்லாம் அபிப்பிராயம் சொல்லுகிற எனக்கு, ஒரு கிழவியிடம் ஒரு வசனம் சொல்லத் தைரியமில்லை. தூ!

இரண்டு வருடத்தால் அந்த அம்மாவும் போய்விட்டார். ஆத்தே லீவு எடுக்கவில்லை. ஏன் போகவில்லை என்று கேட்டேன். “நான் வரக்கூடாதெண்டு சொல்லி வைச்சிட்டுத்தான் போனவ” என்றார். மருந்து வண்டியைத் தள்ளத் தொடங்கியவர் நின்று, முதல் தடவையாகக் கேட்டார்.

“நீ அம்மாவுக்கு ஒருக்காவாவது போன் எடுத்தனியா?”

“இல்லை, ஆத்தே” என்றேன்.