அப்பாவின் கல்வெட்டு

நிரோஜினி பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்தது பைசாந்தியத் துறவிகளைப் பற்றி. ரோமப் பேரரசர்களின் பழைய வரலாறுகளை அவர்கள் சுருக்கி எழுதினார்கள். மூலநூல்கள் பல பிறகு அழிந்துபோயின. சில பேரரசர்களுக்கு இன்று மிஞ்சியிருப்பது அந்தச் சுருக்கம் மட்டும்தான். துறவி விட்டுவிட்ட ஆள் பிறக்கவே இல்லாத மாதிரி. ஆய்வில் அவள் அவர்களை ஈவிரக்கமில்லாமல் சாடியிருந்தாள்.

அந்தப் படிப்புக்கு வேலை கிடைக்கவில்லை. லா சப்பல் தமிழ்க் கடைத்தெருவில் ஓர் அச்சகத்தில் கல்வெட்டு எழுதுகிறாள். இறந்தவரின் வாழ்க்கையைச் சொல்லி, முப்பத்தோராம் நாள் வீட்டார் கொடுக்கும் சிறு புத்தகம் அது.

மாசியில் அப்பா மகேந்திரராசா இறந்தார். அவருடைய கல்வெட்டையும் அவளே எழுதினாள். 'அன்பு மகள்கள் மிருணாளினி, நிரோஜினி' என்ற வரியில் மாமியின் விரல் நின்றது. தில்லைநாயகி மாமி அப்பாவின் தங்கை.

"மூத்தவளின்ரை பேரை எடு, பிள்ளை."

"அக்கா என்ன செத்துப்போனாவோ, மாமி?"

"வாய்க்கொழுப்பு! அவளைப் போட்டால் மருமோனையும் போடவேணும். போட்டால் எந்த ஊர், ஆரின்ரை பெடியன் எண்டு சனம் கேக்கும். அவன்ரை சாதியை நீ சொல்லுவியோ?"

கடைசி மாதம் ஆஸ்பத்திரியில் அப்பாவுக்குச் சோறு ஊட்டியது அக்காதான், மாமி வராத நேரமாகப் பார்த்து. அது அம்மாவுக்கும் தெரியும். அம்மா தேத்தண்ணிக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சண்டை வேண்டாம், நிரோ. எடுத்துவிடு."

எடுத்தாள். 'மகள்கள்' என்பதையும் 'மகள்' ஆக்கினாள். அவள் சாடிய துறவிகளில் ஒருவர், ஒரு பேரரசரைப் பற்றி எழுத மூலநூல் தமக்குக் கிடைக்கவில்லை என்றாவது குறித்து வைத்திருந்தார். அவளுக்கு அந்தச் சாக்கும் இல்லை.

முப்பத்தோராம் நாளுக்கு அக்காவை யாரும் அழைக்கவில்லை. மறுநாள் அவள் அச்சகத்துக்கு வந்தாள்.

"எனக்கும் ஒண்டு தா."

நின்றபடியே வாசித்தாள். 'அன்பு மகள் நிரோஜினி' என்ற வரியில் அவளுடைய கண் நின்றது.

"எழுதினது நீயோ?"

"ஓம் அக்கா. மாமிதான்…"

"மாமிக்கு கொம்பியூட்டர் தெரியுமோ?"

நிரோஜினி மேசையில் கிடந்த மிச்சப் பிரதிகளை அடுக்கினாள்.

"பிள்ளையளுக்கு அம்மப்பாவைக் காட்டலாமெண்டு வந்தனான். இதைக் காட்டினால், 'அம்மா, நீங்கள் எங்கை?' எண்டு அதுகள் கேக்குங்கள்." அக்கா புத்தகத்தை மூடி மேசையில் வைத்தாள். "நல்லாத்தான் சுருக்கியிருக்கிறாய்."

கதவு சாத்திக்கொண்டது. நிரோஜினி அந்தப் பிரதியை எடுத்து, மிச்சப் பிரதிகளின் மேல் வைத்தாள்.